அம்மாபேட்டைத் தெரு: அளவெடுத்த நாட்கள்

ஜூலை 5

கட்டடக்கலை வகுப்பில் விடுமுறைக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஏதாவது ஒரு தெருவை எடுத்துக்கொண்டு முழுசாக அளந்து வரைய வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் காரைக்குடி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் சேலம் என்றதும் பக்கத்து பெஞ்சுக்காரி "அங்கே என்ன இருக்கு?" என்றாள். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இருக்கிறது என்றேன். 1935-ல் தொடங்கிய ஸ்டுடியோ போய், வாசல் மட்டும் நிற்கிறது. ஆனால் ஒரு வாசலை எத்தனை நாள் வரைவது? அம்மாபேட்டையில் சித்தி வீட்டுத் தெருவையே எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 6

காலை ஆறரைக்கே டேப்பும் அட்டையுமாக இறங்கினேன். ஒரு வரிசையில் 22 வீடுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 14 அடி அகலம். தெரு 24 அடி. ஒரு வீட்டின் கைப்பிடிச் சுவரில் சுதையில் இரண்டு கிளி, நடுவில் 1938. அதற்கு அடுத்த வீட்டில் வீட்டுக்காரர் இனிஷியலை வளைத்துச் செய்த இரும்பு கிரில். அதற்கும் அடுத்ததில் முருகன் படம் போட்ட டைல்ஸ், கண்ணாடி, பளபள தகடு. கிளி வீட்டை மட்டும் மூன்று மணி நேரம் வரைந்தேன்.

"ரோடு அகலப்படுத்தப் போறாங்களா கண்ணு?" என்று ஒரு அம்மா கேட்டார். இல்லை, படிப்புக்கு என்றேன். நம்பவில்லை. மதியத்துக்குள் ஒருவர் வீட்டு வரி ரசீதோடு வந்து நின்றார். திண்ணையில் இருந்த தாத்தா, "முனிசிபாலிட்டியில இருந்து வந்திருக்குதா பாப்பா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். மாநகராட்சியானது 1994-ல். அவருக்கு இன்னும் முனிசிபாலிட்டிதான்.

ஜூலை 8

கிளி வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கல்யாணப் படம். வாசலில் மாப்பிள்ளையும் பெண்ணும், அவர்களுக்குக் கீழே ஐந்து படி. இப்போது வெளியே தெரிவது இரண்டு. மீதி மூன்றும் தாருக்கு அடியில். ரோடு போடும்போதெல்லாம் பழையதன் மேலேயே போட்டு வீடுகளை இறக்கிவிட்டார்கள். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021-ல் அரசு சொன்னது. அதற்குள் இந்தத் தெருத் திண்ணைகள் உட்காரும் உயரத்திலிருந்து குந்தும் உயரத்துக்கு வந்துவிட்டிருக்கின்றன.

ஜூலை 9

மழை. வீட்டிலேயே கிளிகளுக்கு வண்ணம் தீட்டினேன்.

ஜூலை 12

படங்களை மேடத்துக்கு அனுப்பியிருந்தேன். பதில் ஒரே வரி: "முகப்பு நல்லா இருக்கு, தெரு எங்கே?" கோபம் வந்தது. 22 முகப்பு வரைந்தவளிடம் கேட்கிற கேள்வியா? சித்தி சுண்டல் கொடுத்தார். சாப்பிட்டேன், கோபம் போகவில்லை.

ஜூலை 13

தாத்தா வீட்டுக்குள் போனேன். முதல் நாளே போயிருக்க வேண்டும்.

நிலைக்கதவைத் தாண்டினால் நீளமாக ஒரே கூடம். கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் சின்னச் செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் கட்டியது. ஆனால் என் கண் போனது தரைக்கு. ஜன்னலோரம் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. தாத்தா அதன் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டார். தறியைக் காலால் இயக்கும் மிதிகள் அங்கே இருக்கின்றன. மண்ணின் ஈரம் இழையை அறுந்துபோகாமல் காக்குமாம். தறி பாதி தரைக்குள்ளேயே இருப்பதால் கூரை உயர வேண்டியதில்லை. பாவு, அதாவது நெடுக்கே ஓடும் இழைகள், மட்டும் நீளமாக எதிர்ச்சுவர் வரை போகிறது. கூடத்தை அளந்தேன், 23 அடி. வீடு ஒடுங்கி நீண்டிருப்பதை இடப் பற்றாக்குறை என்று நேற்றுவரை குறித்து வைத்திருந்தேன்.

"இவ்ளோ நீளப் பாவை உள்ளே எப்படி தாத்தா நீட்டுவீங்க?"

"உள்ளே எங்க கண்ணு நீட்டுறது? தெருவுலதான்."

விடியற்காலையில் தெருவின் இந்த முனையிலிருந்து பாவை நீட்டிக் கட்டுவார்களாம். பருத்திப் பாவு என்றால் கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்து நடந்து நீவ வேண்டும். அறுந்த இழையை அங்கேயே முடிவார்கள். அதனால்தான் தெரு வளையவில்லை, நடுவில் கிணறோ மரமோ இல்லை. பாவுக்கு இரண்டு பக்கமும் ஆள் போக வர 24 அடி சரியாக இருக்கும். வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. இந்த ஊர்க்காரியான நான் இந்தத் தெருவில் ஒரு வாரம் கிளி வரைந்திருக்கிறேன்.

தறியில் ஊடு இழையைக் கொண்டு ஓடும் கட்டைக்கும் நாடா என்றுதான் பெயர். டேப்பைச் சுருட்டும்போது தாத்தா சிரித்தார். "எங்க நாடா குறுக்க ஓடும், உன் நாடா நெடுக்க ஓடுது."

ஜூலை 14 - 18

முகப்புகளை ஓரம் வைத்துவிட்டு, குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே தெரிவதைக் காட்டும் வெட்டுத்தோற்றம் வரைந்தேன்: குழி, கூடம், திண்ணை, தெரு, எதிர்த் திண்ணை. ஐந்து வீடுகளில் குழியை மூடி ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். இரண்டில் விசைத்தறி. டைல்ஸ் முருகன் வீட்டிலும் கூடம் அதே 23 அடி, நடுவில் பிளைவுட் தடுப்பு போட்டு இரண்டாக்கியிருக்கிறார்கள். தெருவில் இப்போது யாரும் பாவு நீட்டுவதில்லை. நீட்டினாலும் கார்களை எங்கே தள்ளுவது?

ஜூலை 20

1:20 அளவில் மொத்த வரிசையும் ஒரே டிரேசிங் சுருளில் வந்தது. 15 அடிக்கு மேல். தாத்தாவுக்குக் காட்டலாம் என்று போனேன். கூடத்தில் தறி இருப்பதால் விரிக்க முடியவில்லை. திண்ணையும் போதவில்லை. அவர் பேத்தி ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்தபடி தெருவில் இறங்கினோம். தாத்தா ஓரமாக நடந்தே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் வீடு வந்ததும் நின்று குழியைத் தேடினார். இருந்தது. ஜன்னலும் சரியான இடத்தில்தான் இருந்தது. பின்னால் ஒரு பைக் ஹாரன் அடித்தது.

"நடுவுல தொய்யுது பாரு கண்ணு," என்றார். "இழுத்துப் பிடி."