வைரியைக் காதால் பிடித்த கதை

டிசம்பர் கடைசியில் ஒரு காலை, எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் விளிம்பில் புறா அளவுள்ள பறவை ஒன்று வந்து உட்கார்ந்தது. முதுகு சாம்பல் நிறம். மார்பிலும் வயிற்றிலும் செங்காவியில் நெருக்கமான குறுக்குக்கோடுகள். கண் நல்ல சிவப்பு. துணி காயப்போட வந்த என்னை, அதன் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட ஆளைப்போலப் பார்த்தது. கீழே இறங்கி அம்மாவிடம் "பருந்து வந்திருக்கிறது" என்றேன். மூக்கு வளைந்த பறவை எல்லாமே அப்போது எனக்குப் பருந்துதான்.

அது வைரி. வல்லூறு என்றும் சொல்வார்கள். ஃபால்கன் எனப்படும் வேறு வகை வேட்டைப்பறவைகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதால், குழப்பம் வேண்டாம் என்று என் நோட்டில் வைரி என்றே எழுதி வருகிறேன். ஆங்கிலத்தில் ஷிக்ரா. 1788இல் கிமெலின் என்ற ஜெர்மன் இயற்கையியலாளர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியது இலங்கையிலிருந்து கிடைத்த பறவையின் படத்தை வைத்துத்தான்.

ஜனவரி முழுவதும் தினமும் காலை 6.30 முதல் ஒரு மணி நேரம் மாடியில் நின்றேன். பார்த்தது இரண்டே முறை. திருச்சியில், கொள்ளிடக் கரைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வேம்பு, தென்னை, மா, தூங்குமூஞ்சி மரம் என்று சுற்றிலும் நிழலுக்குப் பஞ்சமில்லை. வைரிக்கு அடர்காடு தேவையில்லை, ஊருக்குள் இப்படி நாலு மரம் போதும் என்று படித்திருந்தேன். பிறகு ஏன் கண்ணில் படவில்லை? என் தவறு, வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததுதான். கரும்பருந்து வட்டமிடும், தெரியும். வைரி பெரும்பாலும் இலைமறைவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இரை தென்பட்டதும் தாழ்வாகப் பாய்ந்து அள்ளிக்கொண்டு போகும். இறக்கை குட்டையாக, நுனி வட்டமாக இருப்பதும், வால் நீளமாக இருப்பதும் கிளைகளுக்கிடையே திரும்புவதற்குத்தான். இது தெரியாமல் நான் முதலில் வரைந்த மூன்று படங்களிலும் இறக்கை கத்திபோலக் கூராக இருக்கிறது. கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் வழி கிடைத்தது, அதுவும் அணில் மூலமாக. ஒருநாள் வேம்பில் ஓர் அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்றாகத் திரண்டு இரைச்சல் போட்டது. மற்ற சிறு பறவைகள் இருந்த இடம் தெரியவில்லை. எல்லோரும் எந்தக் கிளையை நோக்கிக் கத்துகிறார்கள் என்று பைனாகுலரைத் திருப்பினால், அங்கே வைரி. அன்றிலிருந்து கண்ணைவிடக் காதை நம்பத் தொடங்கினேன். பிப்ரவரிக் கணக்கு: பதினொரு முறை.

இதில் நான்கை அடிக்க வேண்டியதாயிற்று. மாத இறுதியில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவை அக்காக்குயில்! அதே சாம்பல், அதே கோடுகள், பறக்கும் விதம்கூட அதே. சிறு பறவைகளும் அதைப் பார்த்து அலறுகின்றன. நான் ஏமாந்ததில் வியப்பில்லை. தவிட்டுக்குருவியின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் பறவைக்கு வேட்டைக்காரனின் சட்டை எவ்வளவு வசதி! இப்போது நான் முதலில் பார்ப்பது அலகை. குயிலுக்கு அது கொக்கியாக வளைந்திருக்காது, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும், கிளையில் இறங்கியதும் வாலை இப்படியும் அப்படியும் ஆட்டும். வைரி நிமிர்ந்து உட்காரும். அதன் தொண்டை நடுவே மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய சாம்பல் கோடு ஓடும்.

மார்ச் 9 அன்று ஒரு வைரி சுள்ளியை அலகில் அல்ல, காலில் தூக்கிக்கொண்டு பறந்தது. பின்னாலேயே இன்னொன்று, சற்றுப் பெரியது. இந்த இனத்தில் பெண்தான் பெரியது. அதன் கண் சிவப்பாக இல்லை, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். பக்கத்துத் தெரு மாமரத்தின் உயரக் கவட்டையில் கூடு. காக்கைக் கூடு என்று சொன்னால் நம்பிவிடலாம். ஒரு நாள் ஆண் பறவை எங்கிருந்தோ ஒரு துண்டுக் கம்பியைக்கூடக் கொண்டுவந்து செருகியது.

மரம் ஏறி முட்டையைப் படமெடுக்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். மறுத்துவிட்டேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணைப் பறவை, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. அதற்கும் மேலாக, ஆள் நடமாட்டம் கூடினால் பறவை கூட்டையே விட்டுவிடக்கூடும். அதனால் முட்டை எத்தனை என்பது என் நோட்டில் இல்லை. மாடியிலிருந்து தெரிந்தது வேறு: மார்ச் இறுதியிலிருந்து பெண் கூட்டைவிட்டு அதிகம் நகரவில்லை. ஆண் இரையோடு வந்து தள்ளியிருக்கும் தென்னையிலிருந்து குரல் கொடுக்கும். பெண் பறந்துபோய் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பும். மூன்று வாரத்துக்குப் பின் இரை நேரே கூட்டுக்குப் போகத் தொடங்கியது. குஞ்சு பொரித்துவிட்டது!

என்ன இரை என்று அடையாளம் காண முடிந்தவை இருபத்திரண்டு. பதிமூன்று ஓணான், நான்கு சிறு பறவை, மூன்று எலி, ஓர் அணில்குட்டி, ஒரு வெட்டுக்கிளி. கோழி வளர்க்கும் பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, என் குஞ்சு எதுவும் உன் கணக்கில் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அவ்வளவாக நம்பவில்லை. ஒரு பழைய வலையைக் கூண்டின்மேல் இழுத்துக் கட்டிவிட்டார். நல்லதுதான்.

மே நடுவில் மூன்று குஞ்சுகள் கிளைக்கு வந்தன. பழுப்பு முதுகு, மார்பில் குறுக்குக்கோட்டுக்குப் பதில் மேலிருந்து கீழாகச் சொட்டுச் சொட்டான புள்ளிகள், மஞ்சள் கண். தனியாகப் பார்த்திருந்தால் வேறு இனம் என்று எழுதியிருப்பேன். பத்து நாளில் இரண்டாகிவிட்டன. மூன்றாவது என்னவாயிற்று என்று தெரியவில்லை.

இன்று காலை தோட்டத்தில் "டி-டூ, டி-டூ" என்று வைரியின் இரட்டைக் குரல். தரையில் புழு பொறுக்கிக்கொண்டிருந்த மைனாக்கள் சிதறி ஓடின. பல் துலக்கிய பிரஷ்ஷோடு மாடிக்குப் பாய்ந்தேன். மரத்தில் வைரி இல்லை. மைனா போட்டுவிட்டுப் போன புழுவைக் கவ்விக்கொண்டு ஒரு கரிச்சான் கம்பிக்குத் திரும்பியது. குரல் கொடுத்ததும் அதுவே.