விசுவாசப் பிரமாணத்தின் கடைசி வரி

மார்ச் 5, 2025. சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து தொடங்கிவிட்டது. அப்பா இல்லாமல் வரும் முதல் லெந்து.

போன நவம்பரில் அடக்கம் முடிந்ததிலிருந்து, கோயிலில் நாங்கள் நம்புவதை எல்லாரும் சேர்ந்து அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது ஒரு இடத்தில் எனக்கு வாய் நின்றுவிடுகிறது. பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டது வரை சரளமாக வருகிறது. ‘சரீரம் உயிர்த்தெழுதலும்’ என்று சபையார் சொல்லும்போது கல்லறைத் தோட்டத்துச் செம்மண்தான் கண்ணில் நிற்கிறது. அப்பா தையல்காரர். பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளெல்லாம் அவர் தைத்தவை. கடைசி வருஷங்களில் பார்க்கின்சன் நோய் அந்தக் கைகளைத்தான் முதலில் பிடித்தது. காபி தம்ளரைக்கூட நாங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சரீரம் எழுந்திருக்கும் என்று நான் எதை வைத்துச் சொல்வது?

ஆறுதலுக்காக மட்டும் ஒன்றை நம்ப எனக்கு மனம் வரவில்லை. இயேசு உயிர்த்தெழுந்தது உண்மையிலேயே நடந்ததா இல்லையா என்று தெரிய வேண்டும். ஈஸ்டர் வரை நான்கு சுவிசேஷங்களின் கடைசிப் பகுதிகளையும், உயிர்த்தெழுதலைப் பற்றி அப்போஸ்தலன் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 15-ஐயும் நிதானமாகப் படித்து, தோன்றுவதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

துக்கம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், “உயிர்த்தெழுதல்னா என்ன, நல்ல மனுஷங்க நம்ம நெனப்புல வாழ்றதுதாம்மா” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு ஞாபகம் போதவில்லை. அது என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் வலிக்கிறது.

பவுலும் இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று ஒரே போடாகப் போட்டவர் அவர். இவ்வளவு வெளிப்படையாக, ‘இது பொய்யானால் எல்லாம் பொய்’ என்று எழுதிவைத்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வருகிறது.

மார்ச் 14, வெள்ளி

மாற்கு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் இந்தச் சுவிசேஷம் 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. வெறுங்கல்லறையைப் பார்த்த பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

ஊரை நம்பவைக்கக் கதை கட்டுகிறவர்கள் இப்படி முடிப்பார்களா? அதிலும், பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் குறைவாக இருந்த சமூகத்தில், முதல் சாட்சிகளாகப் பெண்களையே நிறுத்துவார்களா? லூக்காவில் அப்போஸ்தலர்களே அவர்கள் சொன்னதை வீண்பேச்சு என்று தள்ளிவிடுகிறார்கள். நான்கு சுவிசேஷங்களிலும் மகதலேனா மரியாள் கல்லறைக்குப் போனவளாக இருக்கிறாள். அவளை மறைக்க யாருக்கும் முடியவில்லை. அவள்தான் உண்மையிலேயே போனாள் என்பதால் இருக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டு வாரமாக 1 கொரிந்தியர் 15-ஐ விட்டு நகர முடியவில்லை.

பவுல் இதை எபேசுவிலிருந்து எழுதியது கி.பி. 50-களின் நடுவில். அதாவது சிலுவைக்குப் பிறகு ஏறக்குறைய 25 வருஷம்தான். அதிலும் அவர் புதிதாக எதையும் சொல்லவில்லை, தான் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொடுக்கிறேன் என்கிறார். மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், கேபாவுக்கு, அதாவது பேதுருவுக்கு, தரிசனமானார் என்று மனப்பாடம் செய்த வாய்பாடு மாதிரி வரிசையாக வருகிறது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், மனம் மாறி மூன்று வருஷத்துக்குப் பின் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கினதாகவும், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபைப் பார்த்ததாகவும் சொல்கிறார். ஆக, தான் எழுதிய செய்தியை அதில் வரும் ஆட்களிடமே கேட்டறியும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்கள் ஒரே வேளையில் கண்டார்கள், பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். போய்க் கேட்டுப் பாருங்கள் என்பதுபோல இருக்கிறது.

யாக்கோபு என்னை நிறையவே யோசிக்க வைத்தார். இயேசுவின் சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7 சொல்கிறது. அதே யாக்கோபு பிறகு எருசலேம் சபையின் தூணாக நிற்கிறார். கி.பி. 62-இல் அவரைக் கல்லெறிந்து கொன்றதை யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் பதிவு செய்திருக்கிறார். கூடப் பிறந்த அண்ணனை ஆண்டவர் என்று சொல்லி, அதற்காக உயிரையும் விடுவதென்றால், இடையில் என்ன நடந்திருக்க வேண்டும்?

சரி, துக்கத்தில் மனசு உண்டாக்கிய தோற்றம் என்று சொல்லலாம். இதை நான் லேசாகத் தள்ளவில்லை, ஏனென்றால் எனக்கே நடந்தது. டிசம்பரில் ஒரு விடியற்காலை மாடியில் தையல் மெஷின் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. எழுந்து உட்கார்ந்து அழுதேன். ஆனால் அப்பா எழுந்து வந்துவிட்டார் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவுமில்லை. இப்படிப்பட்ட அனுபவம், செத்தவர் செத்துவிட்டார் என்பதைத்தான் இன்னும் உறுதியாக்குகிறது. அந்தக் காலத்து யூதர்களும் ஆவி, தரிசனம் எல்லாம் அறிந்தவர்கள். பேதுருவும் மற்றவர்களும் ‘அவருடைய ஆவியைக் கண்டோம்’ என்று சொல்லியிருந்தால் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள். அவர்கள் சொன்னது, எழுந்தார் என்று.

இதை எழுதும்போது முதல்முறையாக எனக்குள் ஏதோ இளகினது.

ஏப்ரல் 2, புதன்

1968-இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில் யெகோகனான் என்ற மனிதரின் எலும்புகள் கிடைத்தன. குதிகால் எலும்பில் ஆணி அப்படியே இருந்தது. சிலுவையில் அறையப்பட்ட ஒருவரைக் குடும்பத்தார் வாங்கி முறைப்படி அடக்கம் செய்ய முடிந்திருக்கிறது. ‘குற்றவாளிக்கு ஏது கல்லறை’ என்று கேட்டவர்களுக்கு இது ஒரு பதில். இயேசுவின் கல்லறை இருந்ததாகக் கருதப்படும் எருசலேம் திருக்கல்லறை ஆலயத்தில் 2016-இல் பளிங்கைத் திறந்து ஆராய்ந்தபோது, அடியிலிருந்த சாந்து கி.பி. 345-ஐ ஒட்டியது, அதாவது ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்தார் காலத்தது என்று தெரிந்தது. இதெல்லாம் எதையும் நிரூபித்துவிடாது. ஆனாலும், ஒரு ஊரில், ஒரு பாறையில் நடந்ததாகச் சொல்லப்படும் செய்தி இது என்பது மனசில் பதிகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மாவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பூ வைத்துவிட்டு அம்மா ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்: “அங்க உங்கப்பாவுக்குக் கை நடுங்காதுல்லா.”

நான் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி முழுக்க அதே நினைவு.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பிள்ளைகள் ஓலைச் சிலுவை முடைந்துகொண்டு தெருவெல்லாம் ஓசன்னா பாடினார்கள். இந்த வருஷம் கீழைத் திருச்சபைகளுக்கும் நமக்கும் ஒரே நாளில் ஈஸ்டர். எல்லாரும் ஒரே நாளில் ஈஸ்டர் கொண்டாட வேண்டும் என்று தீர்மானித்த நிசேயா சங்கம் கூடி 1700 ஆண்டு நிறைகிற வருஷத்தில் இது அமைந்ததில் எனக்குத் தனி சந்தோஷம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் தியானம். வெயிலில் ஆலயம் கொதித்தது. ‘தாகமாயிருக்கிறேன்’ என்ற வார்த்தைக்கு வந்தபோது, அப்பாவின் உதட்டைப் பஞ்சால் நனைத்தது ஞாபகம் வந்து அழுதேன்.

சீஷர்களுக்கு இன்றோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மேசியா என்று கொண்டாடப்பட்ட பார் கோக்பா கி.பி. 135-இல் ரோமரிடம் விழுந்தபோது அந்த இயக்கமும் அவரோடு முடிந்தது. அவர் எழுந்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை. யூதர்கள் எதிர்பார்த்த உயிர்த்தெழுதலும் கடைசி நாளில் எல்லாருக்கும் நடப்பது. யோவானில் மார்த்தாளும் இறந்துபோன சகோதரன் லாசரு விஷயத்தில் அதைத்தான் சொல்கிறாள். வரலாற்றின் நடுவில் ஒரே ஒருவர் எழுவார் என்று யாரும் காத்திருக்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

இன்று காலை லூக்கா 24. ‘ஆனாலும் சந்தோஷத்தினால் அவர்கள் இன்னும் நம்பாமல்’ என்ற வரியில் நின்றுவிட்டேன்.

எத்தனை முறை கேட்ட பகுதி! உயிர்த்தெழுந்த இயேசு கண்முன் நிற்கிறார், கையையும் காலையும் காட்டுகிறார், சீஷர்களுக்கு நம்ப முடியவில்லை. பயத்தால் அல்ல, இவ்வளவு நல்ல செய்தி உண்மையாக இருக்குமா என்ற சந்தோஷத்தால். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். பொரித்த மீன் கொடுக்கிறார்கள், வாங்கிச் சாப்பிடுகிறார். மத்தேயுவிலும் மலையில் பணிந்துகொண்டவர்கள் நடுவில் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அந்த மலையில் இடம் இருந்தது.

அப்புறம் அந்தக் கைகள். காயத் தழும்போடுதான் எழுந்தார். வேறு கைகள் அல்ல, ஆணி அடிக்கப்பட்ட அதே கைகள், இனி வலிக்காத கைகள். அப்பாவின் ஆள்காட்டி விரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த இடம் ஒன்று உண்டு. அந்த விரலை நான் அடையாளம் கண்டுபிடிப்பேன், அது நடுங்காது. இதை எழுதும்போது சிரித்துக்கொண்டே அழுகிறேன். மரித்தோரிலிருந்து ஒருவர் எழுந்தார், மீன் சாப்பிட்டார். ஆம், நடந்தது. நம்புகிறேன். இத்தனை வாரம் தள்ளித் தள்ளிப் பார்த்தும் அது அசையாமல் நிற்கிறது. இப்போது அதன்மேல் நான் நிற்கிறேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

நாலு மணி ஆராதனை. எங்கள் சபைப் போதகர் ஐயர் “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!” என்றதும் “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!” என்று கோயிலே அதிர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தில் கடைசி வரியை முழுசாகச் சொன்னேன். பக்கத்தில் அம்மா என் கையைப் பிடித்தாள். முடிந்ததும் எல்லாருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு, மாமா வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள். அப்பா பற்றிப் பேசினோம், ‘இருந்தார்’ என்று மட்டுமே பேச எனக்கு வரவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

போப் பிரான்சிஸ் காலமானார் என்ற செய்தி. நேற்றுதான் ஈஸ்டர் ஆசீர்வாதம் வழங்கினார். நாங்கள் கத்தோலிக்கர் அல்ல, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றாலும் அம்மா ஜெபத்தில் அவரை நினைத்தாள். உயிர்த்தெழுதலை அறிவித்த மறுநாளே போவது பெரும்பேறு என்றாள்.

ஏப்ரல் 26, சனி

நாளை ஆராதனையில் சுவிசேஷ பாடம் வாசிக்க ஐயர் என்னைக் கேட்டார். யோவான் 20, முதலில் நம்ப மறுத்த சீஷன் தோமா வருகிற பகுதி. உடனே சரி என்றேன். சாயங்காலம் அம்மாவுக்கு முன்னால் வாசித்துப் பார்த்தேன். ‘என் ஆண்டவரே! என் தேவனே!’ என்ற இடத்தில் பக்தியாக இருக்கட்டும் என்று குரலைத் தாழ்த்தினேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

“அந்த எடத்துல போயி சத்தத்தக் கொறைக்காதட்டீ. தோமா கத்தித்தான் சொல்லிருப்பாரு.”

கத்தித்தான் வாசிக்கப் போகிறேன்.