வாக்கு எண்ணும் மேசையில் முகவராக உட்கார்ந்த அனுபவம்

தேர்தல் முடிவு என்றால் நம்மில் பலருக்கு டிவியில் ஓடும் ‘முன்னிலை’ எண்கள்தான். அந்த எண் எங்கே பிறக்கிறது என்று பெரும்பாலும் யோசிப்பதில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில், தென் மாவட்டத் தொகுதி ஒன்றில் ஒரு வேட்பாளருக்கு வாக்கு எண்ணும் முகவராக இருந்தேன். எந்தக் கட்சி என்பதை விட்டுவிடுகிறேன். முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்காரப் போகிற யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் 17சி பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுப்பதிவு முடிந்த மாலையில் ஒவ்வொரு பூத்திலும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் ஒரு கணக்குப் போடுவார். வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஓட்டுகளைச் சேமித்து வைக்கும் இந்தக் கட்டுப்பாட்டுக் கருவியில் மொத்தம் இத்தனை ஓட்டு பதிவாகியிருக்கிறது, கருவியின் எண் இது, ஒட்டிய பச்சைத் தாள் முத்திரையின் எண் இது என்று அதில் இருக்கும். படிவம் 17சியின் முதல் பகுதி அதுதான். அதன் நகலைக் கையெழுத்துப் போட்டு பூத் முகவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஏப்ரல் 6 அன்று ஓட்டுப்பதிவு, மே 2 அன்று எண்ணிக்கை. இடையில் கிட்டத்தட்ட ஒரு மாதம். அந்த மாதம் முழுக்க ஸ்ட்ராங் ரூமில் இருந்த கருவியும், அன்று மாலை பூத்தில் மூடி முத்திரை வைத்த கருவியும் ஒன்றுதான் என்று நாம் நம் கையில் உள்ளதை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால் அந்த நகல் வேண்டும்.

ஆனால் அதைத் திரட்டுவது லேசான வேலை இல்லை. பூத் முகவராக இருந்த பையன்கள் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டை துவைக்கப் போய்விடும். சில இடங்களில் நகல் கேட்கவே கூச்சப்பட்டு வந்திருந்தார்கள். எங்கள் வேட்பாளரின் தலைமை முகவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் பூத் பூத்தாக ஆள் விட்டு அத்தனை நகலையும் வாங்கினார். எனக்கு ஒதுக்கிய மேசைக்கு எந்தெந்த பூத் வரும் என்று பார்த்து, ஒரு நோட்டில் பூத் எண், கருவி எண், முத்திரை எண், மொத்த ஓட்டு என்று வரிசையாக எழுதி வைக்கச் சொன்னார். “தம்பி, அங்க போய் நீ யாரு ஜெயிக்கான்னு பாக்காத. இந்த நம்பரு அந்த நம்பரோட ஒத்துப் போகுதான்னு மட்டும் பாரு” என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதும் இல்லை. 2016இல் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை வெறும் 49 ஓட்டில் ஜெயித்தார். எதிர்த்து நின்ற திமுகவின் அப்பாவு நீதிமன்றத்துக்குப் போனார். பள்ளித் தலைமை ஆசிரியர்கள் சான்றளித்த தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியதுதான் வழக்கின் மையம். அந்தத் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணியும் முடித்தார்கள். ஆனால் அந்த முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்த ஐந்து வருடமும் அப்படியே கழிந்தது. ஒரு தபால் உறையில் யார் கையெழுத்துப் போட்டார் என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணெதிரே பார்த்தவர்கள்.

முகவராவதற்கு படிவம் 18. வேட்பாளரோ அவருடைய தலைமை முகவரோ கையெழுத்துப் போட்டு, போட்டோ ஒட்டி, எண்ணிக்கைக்கு மூன்று நாள் முன்பே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுத்துவிட வேண்டும். அரசு ஊழியர் முகவராக இருக்கக் கூடாது. அமைச்சர், எம்எல்ஏ, எம்பி ஆகியோரும் கூடாது. இது கஷ்டமில்லை. அந்த வருடம் கஷ்டப்படுத்தியது கொரோனா. இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்ற அறிக்கை வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கடைசி நேரத்தில் சொன்னது. அப்போது இரண்டு டோஸ் போட்டவர்கள் எங்கள் குழுவில் அபூர்வம். எல்லோரும் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தோம். இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். பட்டியலில் இருந்த சிலருக்குத் தொற்று வந்து, மாற்று ஆட்களைத் தேட வேண்டியதாயிற்று. தொற்று வந்தவர்களில் ஒருவர் பிழைக்கவில்லை. அவருக்காகத் தயார் செய்த நோட்டைத்தான் வேறொருவர் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மே 2 ஞாயிற்றுக்கிழமை. முழு ஊரடங்கு நாள். அடையாள அட்டையைக் காட்டிக் காட்டித்தான் மையத்துக்குப் போய்ச் சேர முடிந்தது. செல்போனை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். பேனா, வெள்ளைத் தாள், 17சி நகல்கள், என் நோட்டு. அவ்வளவுதான் உள்ளே போனது. ஒரு தடவை உள்ளே போய்விட்டால் நினைத்த நேரத்தில் வெளியே வந்து போக முடியாது என்பதால், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரையைக் கையோடு எடுத்துப் போவது நல்லது.

உள்ளே மேசைகளுக்கும் நமக்கும் நடுவே கம்பி வலை. மேசைக்கு ஒரு எண்ணிக்கை மேற்பார்வையாளர், ஒரு உதவியாளர், ஒரு நுண் பார்வையாளர். எந்த ஊழியருக்கு எந்த மேசை என்பது அன்று அதிகாலையில்தான் குலுக்கலில் முடிவாகும், அவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது. முகவர்கள் உட்காரும் வரிசைக்கும் கணக்கு உண்டு. அங்கீகாரம் பெற்ற தேசியக் கட்சி, அப்புறம் மாநிலக் கட்சி, கடைசியில் சுயேச்சைகள். காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு, 8.30க்கு இயந்திரம். தபால் ஓட்டு தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசையில்தான் நடக்கும். அங்கே உட்காரச் சட்டம் தெரிந்த ஆள் வேண்டும். உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து இல்லை, வரிசை எண் ஒத்துப்போகவில்லை என்று ஒதுக்கும் ஒவ்வொரு உறைக்கும் காரணம் கேட்க வேண்டும். அண்ணாச்சி அங்கே ஒரு வக்கீலை உட்கார வைத்திருந்தார். ஜெயிக்கும் வித்தியாசம் ஒதுக்கப்பட்ட தபால் ஓட்டுகளைவிடக் குறைவாக வந்தால் அந்த உறைகளை எல்லாம் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். ஆகவே ஒதுக்கியது எத்தனை என்று குறித்துக்கொள்வது அவசியம்.

என் மேசைக்கு முதல் கருவி வந்தது. மேற்பார்வையாளர் ஒரு பள்ளி ஆசிரியை என்று பேச்சில் தெரிந்தது. ரொம்ப நிதானமானவர். பெட்டியைத் திறந்து, கருவியின் எண்ணைச் சத்தமாகப் படித்து, முத்திரைகளை வலைக்கு அருகே பிடித்துக் காட்டினார். பச்சைத் தாள் முத்திரையின் எண்ணை நாங்கள் நோட்டில் டிக் அடித்த பிறகுதான் ரிசல்ட் பட்டனை அழுத்தினார். முதலில் மொத்த ஓட்டு வரும். அப்புறம் வேட்பாளர் ஒன்று, இத்தனை ஓட்டு. வேட்பாளர் இரண்டு, இத்தனை ஓட்டு என்று சின்னத் திரையில் ஒவ்வொன்றாக ஓடும். கடைசியில் நோட்டா. வேகமாகத்தான் போகும். தவறவிட்டால் “மேடம், இன்னொரு தடவை” என்று கேட்கலாம், காட்ட வேண்டியது அவர்கள் கடமை. கேட்கத் தயங்கவே கூடாது. பிறகு 17சியின் இரண்டாம் பகுதியில் அவர் எழுத, நாங்கள் கையெழுத்துப் போட்டோம். ஒவ்வொரு சுற்றிலும் தேர்தல் ஆணையம் அனுப்பிய பார்வையாளர் ஏதாவது இரண்டு கருவிகளைத் தேர்ந்தெடுத்துத் தனியாகச் சரிபார்ப்பார். அதன் பிறகுதான் சுற்றின் முடிவை அறிவித்துப் பலகையில் எழுதினார்கள்.

சுற்றுகளின் வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூத்துகள் பெரும்பாலும் எண் வரிசைப்படிதான் மேசைக்கு வரும். 14 மேசை என்றால் முதல் சுற்றில் முதல் 14 பூத். ஆகவே மூன்றாம் சுற்றில் இந்த ஊராட்சி, ஏழாம் சுற்றில் அந்தப் பேரூராட்சி என்று உள்ளூர்க்காரர்களுக்கு முன்பே தெரியும். மூன்று சுற்று முன்னிலை போனதும் டிவியில் “வெற்றி முகம்” என்பார்கள். உள்ளே இருப்பவருக்கோ தனக்குப் பலமான ஊர்கள் இன்னும் வரவில்லை என்று தெரியும். எதிரணி முன்னிலை என்றதும் மனம் விட்டு எழுந்து போன முகவர்களை அன்று பார்த்தேன். அப்படி எழுந்து போவது நம்மை நம்பி அனுப்பிய வேட்பாளருக்கும் ஓட்டுப் போட்டவர்களுக்கும் செய்கிற துரோகம். தென்காசியில் அன்று முடிவு 370 ஓட்டு வித்தியாசத்தில் வந்தது. தியாகராய நகரில் 137. மொடக்குறிச்சியில் 281. காட்பாடியில் துரைமுருகன் 746இல் ஜெயித்தார். இந்த இடங்களில் எல்லாம் ஒரே ஒரு கருவி முடிவை மாற்றியிருக்கலாம். அந்தக் கருவி எந்தச் சுற்றில் எந்த மேசைக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்?

கொரோனாவால் ஒரு பூத்துக்கு ஆயிரம் வாக்காளர்தான் என்று வைத்ததில் மாநிலம் முழுக்க 88,937 வாக்குச்சாவடிகள் ஆகிவிட்டன. சுற்றுகளும் கூடிவிட்டன. மதியத்துக்கு மேல் முகக்கவசத்துக்குள் வியர்த்து, கண் எரிந்து, எண்களே மங்கலாகத் தெரியத் தொடங்கின. அந்த நேரத்தில்தான் அது வந்தது.

ஒரு கிராமத்து பூத். கருவி எண் சரி, முத்திரை எண் சரி. ரிசல்ட் பட்டனை அழுத்தினார். வந்த மொத்த ஓட்டு என் நோட்டில் இருந்ததைவிடச் சரியாக 50 கூடுதல். “மேடம், நிறுத்துங்க” என்றேன். பக்கத்தில் இருந்த மாற்றுக் கட்சி முகவரும் தன் தாளைப் பார்த்துவிட்டு, “எனக்கும் அம்பது இடிக்குது” என்றார். அந்த ஆசிரியை எழுதுவதை நிறுத்தி, தன்னிடம் இருந்த அசல் 17சியைப் பார்த்தார். அதிலும் எங்கள் எண்தான். உடனே கையைத் தூக்கி அதிகாரியை வரவழைத்தார்.

காரணம் அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஓட்டுப்பதிவு தொடங்கும் முன் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். அது முடிந்ததும் கிளியர் பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் நிஜ ஓட்டைத் தொடங்க வேண்டும். அந்த பூத்தில் கிளியர் செய்யாமலே ஆரம்பித்திருக்கிறார்கள். வஞ்சகம் எதுவும் இல்லை, விடியற்காலை அவசரத்தில் விட்டுப்போன ஒரு பட்டன். “ஐம்பதைக் கழித்துவிட்டு எண்ணிவிடலாமே” என்று ஒருவர் கேட்டார். முடியாது என்றார் அதிகாரி. அப்படிப்பட்ட கருவியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். மற்ற எல்லாம் எண்ணி முடிந்த பிறகு, வெற்றி வித்தியாசம் அந்தக் கருவியில் பதிவான ஓட்டுகளைவிட அதிகமாக இருந்தால் அதைச் சேர்க்காமலே முடிவை அறிவிக்கலாம். குறைவாக இருந்தால் விவிபேட் சீட்டுகளை, அதாவது ஒவ்வொரு ஓட்டும் யாருக்கு விழுந்தது என்று இயந்திரத்தோடு இணைந்த கருவி அச்சிட்ட தாள்களை, எண்ண வேண்டும். இதுதான் விதி. கருவியைப் பெட்டியில் வைத்து, சீட்டு ஒட்டி, அதிகாரியின் மேசைக்கு எடுத்துப் போனார்கள்.

கடைசிச் சுற்றுக்குப் பிறகு விவிபேட் சரிபார்ப்பு. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து தொகுதிக்கு ஐந்து பூத். பூத் எண் எழுதிய சீட்டுகளை எங்கள் எதிரிலேயே குலுக்கி எடுத்தார்கள். தாள் சீட்டுகளைச் சின்னம் வாரியாகப் பிரித்து, கட்டுக் கட்டாக எண்ணினார்கள். இதற்கு நேரம் பிடிக்கும். பாதிப் பேர் அதற்குள் கிளம்பத் துடிப்பார்கள். அந்த ஐந்தும் கருவியில் வந்த எண்களோடு அப்படியே ஒத்துப்போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் வேட்பாளர் சில ஆயிரம் ஓட்டில் தோற்றார். தனியே வைத்த கருவியில் அறுநூற்றுச் சொச்சம் ஓட்டு. வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் அது திறக்கப்படவே இல்லை. சட்டப்படி சரிதான், முடிவும் மாறப்போவதில்லை. ஆனால் வெயிலில் வரிசையில் நின்று, கையில் உறை மாட்டி, விரலில் மை வைத்துக்கொண்டு போன அறுநூறு பேரின் ஓட்டு எந்த வேட்பாளர் கணக்கிலும் ஏறவில்லை. தோற்றதைவிட அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. அந்த ஊர் பூத் முகவர் மறுநாள் போன் செய்து, “அண்ணே, நம்ம ஊருல நமக்கு எத்தனை விழுந்துச்சு?” என்று கேட்டார். நடந்ததை முழுக்க எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. “அன்னைக்குக் காலையில நானும் அங்கதான்ணே நின்னேன்” என்றார்.

17சி நகல்களையும் நோட்டையும் அன்றிரவே அண்ணாச்சியிடம் ஒப்படைத்தோம். முடிவு வந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் தேர்தல் வழக்குப் போடலாம் என்பதால், ஜெயித்தாலும் தோற்றாலும் அதுவரை ஒரு தாளும் தொலையக் கூடாது. பூத் வாரியான இறுதி முடிவுத் தாளான படிவம் 20இன் நகல் கிடைத்ததும் பூத் பூத்தாக எங்கள் நோட்டோடு ஒப்பிட்டோம், எல்லாம் சரியாக இருந்தது.

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் எங்கள் பகுதி பூத் முகவர்கள் கூட்டத்தில் இதை நானே எழுந்து சொன்னேன். மாதிரி ஓட்டு முடிந்ததும் கிளியர் பட்டனை அழுத்துவதைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் டோட்டல் பட்டனை அழுத்தச் சொல்லி, திரையில் பூஜ்யம் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். மாலையில் 17சி நகலை வாங்காமல் பூத்தை விட்டு வராதீர்கள். அந்தக் கிராமத்து முகவரும் கூட்டத்துக்கு வந்திருந்தார். ஓட்டுப்பதிவு நாளான ஏப்ரல் 19 அன்று காலை ஏழு மணிக்கு முன்பே அவரிடமிருந்து போன் வந்தது. “அண்ணே, ஜீரோ பாத்துட்டேன்.”