முருங்கை இலையில் தெரிந்த பச்சை

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்டுக்கு நான் முருங்கை இலையை எடுத்துக்கொண்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. விடுதிக்குப் பின்னால் மரம் நின்றது, அவ்வளவுதான். அதில் என்னென்ன ஃபிளேவனாய்டுகள் (செடிகளில் இருக்கும் ஒரு வகை ஃபீனால் சேர்மங்கள்) இருக்கின்றன என்று டிஎல்சி முறையில் பார்த்துச் சொல்ல வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகை என்று படித்தோமே, அதேதான். சிலிக்கா பூசிய பிளேட்டில் சாற்றைப் புள்ளியாக வைத்து அடியைக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் ஏற ஏறச் சேர்மங்கள் வெவ்வேறு உயரத்தில் பிரிந்து நிற்கும். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆனது.

இலையை நிழலில் உலர்த்தி, மிக்சியில் பொடித்து, 2 கிராம் எடுத்து 80 சதவீத மெத்தனாலில் சூடுபடுத்தி வடிகட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்க, குவர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டும் அதில் சர்க்கரை ஒட்டிய ரூட்டினும் ஸ்டாண்டர்டாக, அதாவது தூய மாதிரியாக, இருந்தன. 1 மில்லி மெத்தனாலுக்கு 1 மில்லிகிராம் வீதம் கரைத்துக்கொண்டேன். கூடவே வெங்காயத் தோலிலும் ஒரு சாறு. வெங்காயத் தோலில் குவர்செட்டின் நிறைய உண்டு என்பது தெரிந்த விஷயம். அதில்கூடத் தெரியவில்லை என்றால் தப்பு என் கையில்தான் என்று புரிந்துவிடும்.

முதல் பிளேட்டில் அடிக்கோட்டைப் பால்பாயிண்ட் பேனாவால் போட்டேன். கரைப்பான் மேலே ஏறியபோது மையும் கூடவே கிளம்பிப் பிரிந்தது. லேப் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பா, ரெனால்ட்ஸ்ல என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டீங்க போல" என்றார். அன்றிலிருந்து பென்சில்தான். அதையும் சிலிக்கா பெயராமல் மெல்ல இழுக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் புள்ளி வைப்பது. கோலம் போட்டுப் பழகிய கை என்பதால் இது எனக்குச் சுலபம் என்று நினைத்தேன். ஆனால் கோலப்புள்ளி அளவுக்கு வைத்தால் மேலே போய் வால் முளைத்துவிடும். கேபிலரி என்ற நுண்குழாயைத் தீயில் காட்டி இழுத்து இன்னும் மெல்லியதாக்கி, ஒரு தொடு தொட்டு, காய்ந்தபின் அதே இடத்தில் மறுபடி தொட வேண்டும். புள்ளி 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதற்கே ஒரு வாரம் போனது.

கரைப்பான் கலவை எத்தில் அசிட்டேட், ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம், தண்ணீர், 100:11:11:26 என்ற விகிதத்தில். சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டுகளுக்குப் பலரும் எடுப்பது இதைத்தான். சேம்பருக்குள் வடிதாளை ஒட்டி வைத்து, உள்ளே கரைப்பானின் ஆவி நிரம்ப அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு அப்புறம்தான் பிளேட்டை இறக்க வேண்டும். அவசரத்தில் நான் அதை விட்டபோது ஒரே ரூட்டின் நடுவில் ஓர் உயரத்திலும் ஓரத்தில் வேறோர் உயரத்திலும் நின்றது.

இதெல்லாம் கைப்பழக்கம். உண்மையில் நான் தடுக்கி விழுந்தது பார்வையில்.

பிளேட்டை 254 நானோமீட்டர் யூவி விளக்கில் காட்டினால் பச்சைப் பின்னணியில் கருப்புத் திட்டுகள். 365-இல் காட்டினால் தீபாவளி. உச்சியில் குளோரோஃபில் கங்கு மாதிரி சிவப்பாக எரிகிறது, கீழே நீலத் திட்டுகள். எல்லாவற்றையும் எண்ணி, "ஃபிளேவனாய்டுகள் 7" என்று எழுதிக்கொண்டுபோய் மேடமிடம் நீட்டினேன். அவர் நீலத்தின் மேல் விரலை வைத்து, "ஏம்மா, ஸ்ப்ரே பண்ணாமலே இப்படிப் பளிச்சுன்னு நீலமா இருக்குறதெல்லாம் ஃபிளேவனாய்டுன்னு யார் சொன்னது?" என்றார். முருங்கையில் குளோரோஜெனிக் அமில வகைகள் உண்டு. அவை ஃபீனாலிக் அமிலங்கள். நீலமாக ஒளிர்பவை அவைதான்.

சரி, ஸ்ப்ரே. என்பி ரீஏஜென்ட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், ஒரு போரான் சேர்மம். பிளேட்டைச் சூடாக்கி அமில வாடையை விரட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் அதன் 1 சதவீத மெத்தனால் கரைசலைத் தெளித்து, மேலே பாலிஎத்திலீன் கிளைக்கால் 4000 தெளிக்க வேண்டும். ஃப்யூம் ஹுட்டுக்குள் வைத்துத்தான். இதற்கப்புறம் 365-இல் பார்த்தால் குவர்செட்டின் வகையறா ஆரஞ்சாகவும், கேம்ப்ஃபெரால் என்ற இன்னொரு ஃபிளேவனாய்டின் வகையறா பச்சையாகவும் எழும். முதன்முறை அந்த ஆரஞ்சைப் பார்த்தபோது இருட்டறையில் தனியாக நின்றுகொண்டு "ஐயோ" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

என் இலைச்சாற்றில் ரூட்டின் உயரத்தில் மங்கலாக ஓர் ஆரஞ்சு, அதற்கு மேலே பளிச்சென்று இன்னோர் ஆரஞ்சு, அதற்கும் மேலே லேசான ஒரு பச்சை. பச்சையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இலை பச்சை, குளோரோஃபில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். மேடம் திரும்பவும் அங்கேயே நின்றார். "குளோரோஃபில் 365-ல என்ன நிறம்?" சிவப்பு. நானேதான் முந்தின வாரம் நோட்டில் எழுதியிருந்தேன். அப்படியானால் இந்தப் பச்சை என்ன?

சர்க்கரையை வெட்டிவிட்டுப் பார்ப்பதுதான் வழி. பெட்ரோலியம் ஈதரில் இரண்டு முறை கழுவிப் பச்சையம் போக்கிய பொடியை, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு தண்ணீர்க் குளியலில் ஒரு மணி நேரம் சூடாக்கி, எத்தில் அசிட்டேட்டால் பிரித்தெடுத்தேன். இதில் கிடைப்பது சர்க்கரை கழன்ற வெறும் ஃபிளேவனாய்டு. அதே பழைய கரைப்பானில் ஓட்டினேன். உச்சியில் ஒரே திட்டு, பக்கத்திலேயே குவர்செட்டின் ஸ்டாண்டர்டும். முடிந்தது, குவர்செட்டின் மட்டும்தான் என்று எழுதப் போனேன். எழுதுமுன் அந்தத் திட்டை ஒருமுறை குனிந்து பார்த்தேன். கீழ்ப்பாதி ஆரஞ்சு. மேல் விளிம்பில், மாம்பழக் காம்போரம் மாதிரி, மெல்லிய பச்சை.

சர்க்கரை போனபின் இந்தச் சேர்மங்களின் முனைவுத்தன்மை குறைந்து, சிலிக்காவின் பிடியும் தளர்ந்துவிடுகிறது. அவ்வளவு முனைவுள்ள கரைப்பானில் எல்லாமே உச்சிக்கு ஓடிப்போய் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றுகொள்ளும். இது பாடத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதும்கூட. பிளேட் முன்னால் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை.

டொலுவீன், எத்தில் அசிட்டேட், ஃபார்மிக் அமிலம் 5:4:1-க்கு மாறினேன். கரைப்பான் 8 சென்டிமீட்டர் ஏறியது. ஆரஞ்சு 4 சென்டிமீட்டரில், அதற்குத் தனியாக மேலே 4.8-இல் பச்சை. ஆர்எஃப் மதிப்பு, அதாவது திட்டு ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்தது, 0.50, 0.60. குவர்செட்டினைவிட ஒரு ஹைட்ராக்ஸில் குறைவாக இருப்பதால் கேம்ப்ஃபெரால் சிலிக்காவை அவ்வளவாகப் பிடித்துக்கொள்வதில்லை, கொஞ்சம் கூடுதலாக ஏறுகிறது. கணக்கு சரியாக வந்தது. ஆனால் அதுவே போதாது. அடைமழை நாளில் ஓட்டியபோது அதே குவர்செட்டின் 0.57-க்குப் போயிருந்தது. சிலிக்கா காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் எண்கள் நகரும். நேற்றைய எண்ணை இன்றைய பிளேட்டோடு ஒப்பிடவே கூடாது, ஸ்டாண்டர்டும் சாறும் ஒரே பிளேட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும்.

பக்கத்து லேப் ஆராய்ச்சி மாணவி ஒருவரிடம் கெஞ்சிக் கொஞ்சம் கேம்ப்ஃபெரால் வாங்கினேன். ஊசிமுனை அளவுதான் கொடுத்தார். ஒரு தடத்தில் சாறு, ஒரு தடத்தில் ஸ்டாண்டர்ட், நடுத்தடத்தில் இரண்டையும் ஒரே புள்ளியின் மேல். இரண்டும் வேறு வேறு என்றால் திட்டு பிரியும். நடுவில் பச்சை உருண்டையாக, ஒரே திட்டாக எழுந்தது.

அந்தத் தைரியத்தில் பழைய ரூட்டினையும் இதேபோல் சோதித்தேன். முதல் அறிக்கையிலேயே "ரூட்டின் உள்ளது" என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன். சர்க்கரை ஒட்டிய சாற்றின் மேல் ரூட்டினை வைத்து, முதல் கரைப்பானில் ஓட்டினால், திட்டு எட்டு எண் மாதிரி நடுவில் ஒடுங்கி நின்றது. இரண்டு தலை. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. ரூட்டின் பக்கத்தில் நிற்கும் வேறு ஏதோ ஒரு குவர்செட்டின் சேர்மம் அது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். "முருங்கையில ரூட்டின் இருக்குன்னு எத்தனை பேப்பர் வந்திருக்கு, உங்களுக்கு ஏன் வரல?" விடுதிக்குப் பின்னால் நிற்கிற மரத்தின் இலை சார், இந்த பிளேட்டில் வரவில்லை என்று சொல்லி, இரண்டு தலைத் திட்டின் படத்தை எடுத்து நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.