கோரை இலையில் கிரான்ஸ் வளையம் பிடிபட்டது

கிடைத்துவிட்டது! மொட்டைமாடித் தொட்டியில் தானாக முளைத்த சைப்பரஸ் ரொட்டுண்டஸ், பிடுங்கினாலும் கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பும் அதே கோரைதான். அதன் இலையைக் குறுக்கே அறுத்த மெல்லிய கீற்றை நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்த்தால், நீரும் உணவும் கடத்தும் ஒவ்வொரு குழாய்க் கற்றையிலும் மாவுச்சத்து நிரம்பிய செல்கள் அயோடினில் கறுத்து வளையமாக நிற்கின்றன. இதுதான் கிரான்ஸ் வளையம். கரியமில வாயுவை வெளித் திசுவில் முதலில் நான்கு கார்பன் சேர்மமாகப் பிடித்து, வளையச் செல்களுக்குள் அனுப்பிச் செறிவாக்கும் சி4 ஒளிச்சேர்க்கையின் கையெழுத்து அது.

இத்தனை நாள் இழுத்தடித்தது பிளேடுதான். கோரையின் மேல்தோலில் கூம்பு வடிவச் சிலிக்காத் துகள்கள் இருக்கின்றன. நான்கைந்து கீற்றுக்குள் கூர்மை போய், இலை அறுபடாமல் கிழியும். அறுவைக் கத்தியின் முனை தடிமனானது. அதை நம்ப வேண்டாம். புதிய சவர பிளேடை இரண்டாக ஒடித்து, நீரில் நனைத்து, அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அறுக்கும்போது அசையாமலிருக்க, இலைகளை அடுக்கிச் செருக கேரட் நல்லது. உருளைக்கிழங்கு வேண்டவே வேண்டாம்; அதன் மாவுச்சத்து ஸ்லைடு முழுவதும் கறுத்துவிடும். மாலையில் பறித்த இலையாகவும் இருக்க வேண்டும், இரவில் செடி சேமிப்பைச் செலவழித்துவிடும். பச்சையத்தை நீக்க, ஸ்பிரிட் கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் போதும், அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்றும் கண்டேன். கறுத்த வளையத்துக்கும் வெளியே பச்சையம் இருந்த திசுவுக்கும் நடுவே நிறமற்ற மெல்லிய உறை ஒன்று. மக்காச்சோளத்தில் இரண்டும் ஒட்டியே இருக்கும். இந்தக் கோரையில் கரிமப் பொருள் அந்த உறையைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

ஒப்பிட்டுப் பார்க்க, நர்சரிகளில் அழகுக்காக விற்கும் குடைக் கோரையின் (சைப்பரஸ் இன்வொலுக்ரேட்டஸ்) இலையை அறுத்தேன். அந்தச் செறிவாக்கும் ஏற்பாடு இல்லாத வழக்கமான சி3 வகை, வளையமே இல்லை. ஒரே பேரினத்தில் இரு வழிகள்! சி4 என்றாலே வறட்சிக்கானது என்று முடிவுகட்டிவிட முடியாது. இதே பேரினத்துப் பாப்பிரஸ் கோரை சதுப்பில் நின்றபடியே சி4. குறைந்த நைட்ரஜனில் அதிகம் விளைவிக்க முடிவதும் அங்கே ஆதாயம்தான்.

கண்ணாடி ஸ்லைடுகளைச் சென்னைப் பாரிமுனைப் பக்கம் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் வாங்குங்கள், சில்லறையாகவும் தருகிறார்கள். பள்ளிக்கரணையில் மட்டும் செடி பறிக்காதீர்கள், அது காப்புக்காடு.

குடைக் கோரையின் தண்டை இன்னும் அறுக்கவில்லை. நீரில் மூழ்கிய தொட்டி, வடிந்த தொட்டி இரண்டிலும் வளர்த்து, காற்றறைகளின் அளவை ஒப்பிட எண்ணம். அதற்குள் மனம் கொளத்தூர் மீன் கடைகளுக்கு ஓடுகிறது. எலியோகாரிஸ் விவிபாரா என்ற கோரை நிலத்தில் சி4 ஆகவும் நீருக்குள் சி3 ஆகவும் இயங்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்டார்கள். மீன்தொட்டிக்கு விற்கும் மெல்லிய தண்டுச் செடிகளில், நுனியில் குட்டிச் செடி முளைப்பதாகத் தேட வேண்டும். யாராவது பார்த்திருந்தால் எந்தத் தெரு என்று மட்டும் சொல்லுங்கள், இந்த ஞாயிறே போகிறேன்.