பன்னிரண்டு பேர், பதினான்கு நாள்

2025 ஜூன் 7, சனி
மீன்காரருக்கான கடன் கணக்கு ஆப் என் போனில் ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் உடனே வெளியிட முடியாது. ஆப் வெளியிட நான் கூகுள் பிளேயில் வைத்திருப்பது 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு. கூகுள் பிளே விதிப்படி குறைந்தது 12 பேர் 14 நாள் இடைவிடாமல் மூடிய சோதனையில், அதாவது நான் பட்டியலில் சேர்த்தவர்கள் மட்டும் ஆப்பைப் பயன்படுத்திப் பார்க்கும் சோதனையில், இருந்தபிறகுதான் வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு 20 பேர் கேட்டார்கள், 2024 டிசம்பரில் குறைத்தார்கள்.

"என் ஆப்பை நீ பார், உன்னுடையதை நான் பார்க்கிறேன்" என்று ஆள் மாற்றிக்கொள்ளும் குழுக்கள் உண்டு. எனக்கு வேண்டாம். கடன் கொப்பியைக் கையால் தொடாதவருக்கு இதில் எது பிழை என்று எப்படித் தெரியும்?

ஜூன் 9, திங்கள்
சோதனையாளர் பட்டியல் போட்டேன். சரியாகப் பன்னிரண்டு பேரை வைத்தால், ஒருவர் விலகினாலே கதை முடிந்தது. ஆகவே பதினேழு: திருகோணமலைச் சந்தையில் ஒன்பது, உப்புவெளியில் மூன்று, கிண்ணியாவில் ஐந்து.

ஜூன் 11, புதன்
ஈமெயில் வாங்கவே அரைநாள் போனது. சந்தை அக்கா ஒருவர், "அதெல்லாம் மகன்தான் போட்டுத் தந்தவன், தம்பி" என்று ஒரு முகவரியைச் சொன்னார். பிளே ஸ்டோரைத் திறந்தால் உள்ளே வேறு முகவரி. பட்டியலில் இல்லாத கணக்குக்கு ஆப் காட்டாது. அதன்பிறகு யாரிடமும் வாயால் கேட்கவில்லை. போனை வாங்கி, பிளே ஸ்டோரில் உள்ள முகவரியைப் பார்த்தே எழுதினேன். கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய் நானாமாரிடமும் அப்படித்தான்.

ஜூன் 14, சனி
இணைப்பு அனுப்பினேன். இரவுக்குள் பதினாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். நிம்மதி.

ஜூன் 17, செவ்வாய்
காலை ஐந்தரைக்கே சந்தையில் நின்றேன். அதே அக்கா கீரிமீன் நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஈரக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு 850 என்று தட்டினார். விரலில் உப்புத்தண்ணீர் இன்னும் இருந்தது. திரை 8500 என்று காட்டியது, அவர் கவனிக்காமலே சேமித்தும்விட்டார். ஏழாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய் கூடுதல் கடன், ஒரு ஏழை வாடிக்கையாளர் பெயரில்! எனக்கு நெஞ்சு திக்கென்றது. கூடவே நின்று திருத்திக் கொடுத்தேன். என் மேசையில் காய்ந்த விரலால் நூறு முறை தட்டியும் இது எனக்குத் தெரிந்திருக்காது.

ஜூன் 19, வியாழன்
பொத்தான்களைப் பெரிதாக்கினேன். சேமிக்கும் முன் தொகையை "எண்ணூற்று ஐம்பது" என்று குரலில் சொல்லவும் வைத்தேன். விண்ணப்பத்தில் சோதனையாளர்கள் என்ன சொன்னார்கள், எதை மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். அதனால் ஒவ்வொன்றையும் தேதியோடு குறித்து வைக்கிறேன்.

உப்புவெளியில் ஒருவர் விலகிவிட்டார். மீதி பதின்மூன்று. புதிய பதிப்பை ஏற்றியாயிற்று. கிடைத்ததும் அக்காவிடம் போய், ஈரக்கையோடேயே தட்டச் சொல்ல வேண்டும்.