லேக் ஒன், லேக் டூ, லேக் த்ரீ

செப்டம்பர் 11, புதன் இரவு

காலையில் ஈலிக்குக் கிளம்புகிறோம், மின்னசோட்டாவின் வடக்கே ஒரு சின்ன ஊர். நான், மைத்துனன், பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் ஓய்வு பெற்ற வாத்தியார். கனூ என்கிற துடுப்புப் படகு அவருடையது, துப்பாக்கியும் அவருடையது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "காட்டுக்குள்ள மீன் பிடிக்க, வேட்டைக்கா? பாரஸ்ட்காரன் பிடிச்சு உள்ள வச்சிருவான்ல." நம் ஊர்க் கணக்கில் அது சரிதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே ஜெயில். இங்கே அமெரிக்காவில் தேசியப் பூங்கா வேறு, தேசிய வனம் வேறு. பூங்கா உள்துறையின் கீழ், வனம் விவசாயத் துறையின் கீழ் வருகிறது. மரமும் மானும் மீனும் அவர்களுக்கு ஒரு மாதிரி மகசூல்தான், அளந்து எடுத்துக்கொள்ளலாம். இதை அம்மாவுக்கு விளக்க முயன்றேன். "சரி, தண்ணிக்குள்ள இறங்காத" என்று வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 12, வியாழன்

மினியாபொலிஸிலிருந்து நாலரை மணி நேரம். மின்னசோட்டாவின் வட கோடி, சுப்பீரியர் தேசிய வனம். அதற்குள் பவுண்டரி வாட்டர்ஸ்: கனடா எல்லையை ஒட்டி 11 லட்சம் ஏக்கர், ஆயிரத்துக்கும் மேல் ஏரிகள், பெரும்பாலானவற்றில் மோட்டாருக்கு அனுமதி கிடையாது. பெர்மிட் வாங்கப் போனால் ஒரு வீடியோ போட்டுக் காட்டி, பிறகு கேள்வியும் கேட்டார்கள். ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் கூடாது, 4 படகுக்கு மேல் கூடாது. டின்னும் கண்ணாடி பாட்டிலும் உள்ளே வரவே கூடாது.

மைத்துனன் என் முகத்தைப் பார்த்தான். அக்கா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய், கண்ணாடி பாட்டிலில். பார்க்கிங்கில் உட்கார்ந்து பாதியை ஜிப் பையில் அள்ளிக்கொண்டு, மீதியைக் கார் சீட்டுக்கு அடியில் வைத்தோம்.

பெர்ன்பர்க் ரோடு முடியும் இடத்தில் லேக் ஒன் என்ற ஏரி. தீவுகளும் மூலைகளுமாக எல்லாம் ஒரே முகம். வரைபடம் என் மடியில்தான் இருந்தது. ஆனாலும் தீவைக் கரை என்று நினைத்து ஒரு மணி நேரம் தப்பான பக்கம் துடுப்பு போட்டோம். பெரியவருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது. "நீயே கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன்" என்றார். வாத்தியார் புத்தி போகாது.

செப்டம்பர் 13, வெள்ளி

ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு நிலத்தில் படகைச் சுமந்து போக வேண்டும். போர்ட்டேஜ் என்பார்கள். தூரத்தை அடியிலோ மீட்டரிலோ சொல்வதில்லை, ராட் கணக்கு. ஒரு ராட் பதினாறரை அடி, ஏறக்குறைய ஒரு கனூவின் நீளம். லேக் டூவுக்கு இரண்டு சின்னப் போர்ட்டேஜ், நடுவில் ஒரு குளம். மைத்துனன் படகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான். பின்னால் இருந்து பார்த்தால் இரண்டு கால் முளைத்த படகு.

லேக் த்ரீயில் கூடாரம். இந்தப் பக்கம் முழுக்க 2011இல் எரிந்த காடு. ஆகஸ்ட் 18 அன்று மின்னல் விழுந்து, சதுப்பு நிலத்தில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டே இருந்த நெருப்பு, செப்டம்பர் 12 அன்று ஒரே நாளில் 16 மைல் ஓடியிருக்கிறது. மொத்தம் சுமார் 93,000 ஏக்கர். நின்றபடி செத்த மரங்கள் சாம்பல் நிறத்தில் இன்னும் நிற்கின்றன. அவற்றின் இடையில் ஜாக் பைன் கன்றுகள், ஆள் நுழைய முடியாத நெருக்கம். அதன் காய்கள் பிசினால் இறுகி மூடியிருக்கும், சூடு பட்டால்தான் பிளந்து விதை கொட்டுமாம்.

மீன்? ஒன்றும் இல்லை. நாலு மணி நேரம், நிறைய மண்புழு. பைக் என்ற மீன் ஒன்று கடித்து, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. "இதுக்கா அத்தான் லீவு போட்டோம்?"

கழிப்பறையைப் பற்றியும் எழுத வேண்டும். காட்டுக்குள் ஒரு பெட்டி, மேலே ஓட்டை. சுவர், கதவு, கூரை எதுவும் கிடையாது. போகிறவர் பாட்டுப் பாடிக்கொண்டு போக வேண்டும் என்று ஏற்பாடு.

செப்டம்பர் 14, சனி

இன்று கிரௌஸ் சீசன் தொடக்கம். நம் கவுதாரியின் பெரியண்ணன் மாதிரி ஒரு பறவை. விடியும் முன்பே பெரியவர் ஆரஞ்சு சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். கூடாரம் போட்ட இடத்திலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது. அவர் அதற்கும் ரொம்ப அப்பால் போய்விட்டார். எட்டு மணிக்கு ஒரு வெடி. ஒரு நாளைக்கு ஐந்து வரை எடுக்கலாம், அவர் கொண்டுவந்தது ஒன்று.

அதைச் சுத்தம் செய்த விதம் கண்ணை விட்டுப் போகவில்லை. பறவையை மல்லாக்கப் போட்டு, இரண்டு சிறகையும் உடம்பை ஒட்டி மிதித்துக்கொண்டு, கால்களைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்தார். கத்தியே படவில்லை. நெஞ்சுக்கறி மட்டும் சிறகோடு தரையில் தங்கியது, மற்றதெல்லாம் கையோடு வந்துவிட்டது. பிறகு கழுத்துப் பையைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டினார். குளோவர் இலைகள், அப்போதுதான் பறித்த பச்சை. கூட நாலு சிவப்புப் பழம். "எங்கே மேய்ந்ததுன்னு இதுதான் சொல்லும். நாளைக்கு அங்கே போகணும்." மைத்துனன் அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் தோசை வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

சாயங்காலம் காற்று அடங்கியதும் வால்ஐ என்ற மீன் கடித்தது. இருட்டில் பார்க்கத் தோதாகக் கண்ணுக்குள் ஒரு கண்ணாடிப் படலம் உண்டு அதற்கு. டார்ச் அடித்தால் பூனைக் கண் மாதிரி மின்னுகிறது. ஒருவருக்கு ஆறு வரை வைத்துக்கொள்ளலாம், 20 அங்குலத்துக்கு மேல் ஒன்றுதான். எங்களுக்குக் கிடைத்ததே மூன்று பேருக்கும் சேர்த்து நாலு. செதில், குடல் எல்லாவற்றையும் கரையை விட்டு 200 அடி தள்ளிப் போய்ப் புதைத்தோம்.

குழம்புக்குப் பெரியவர் கொண்டுவந்த காட்டரிசி. இந்தப் பகுதியின் பழங்குடிகளான ஒஜிப்வே மக்கள் அதை மனோமின் என்பார்கள். ஒருவர் கனூவைக் கழியால் தள்ள, இன்னொருவர் இரண்டு குச்சியால் கதிரைத் தட்டிப் படகுக்குள்ளேயே உதிர்ப்பார்களாம். இந்த நிலத்தை அவர்கள் விட்டுக்கொடுத்தது 1854 ஒப்பந்தத்தில். வேட்டையாடும், மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் அதிலேயே தங்களுக்கென்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அது இன்றும் செல்லும்.

அந்த அரிசி வேக ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் மீன் குழம்பில் கரைந்தே போயிற்று. பெரியவர் நார்த்தங்காயை ஒரு துண்டு வாயில் போட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இன்னொரு துண்டு கேட்டார்.

சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாமல் கட்ட வேண்டும்: தரையிலிருந்து 12 அடி, மரத்திலிருந்து 6 அடி தள்ளி. எரிந்த காட்டில் அப்படி ஒரு கிளையைத் தேடியே முக்கால் மணி நேரம் போனது. ஏரியில் லூன் என்ற நீர்ப்பறவை கத்திக்கொண்டே இருக்கிறது. மைத்துனன் தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மழை. எதிர்க்காற்று. கிரௌஸ் தேடிப் போகவில்லை. லேக் ஒன்னில் இந்த முறை வழி தவறவில்லை. வரைபடம் மைத்துனன் கையில் இருந்தது.

காரைத் திறந்தால் ஒரே நார்த்தங்காய் வாசம். மூடி சரியாகத் திருகவில்லை போல. எண்ணெய் முழுக்க மிதியடியில்.